ரோமன் ஹிந்தியும் சில பாசாங்குகளும்

1

ஹிந்தியை எந்த லிபியில் எழுதினால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. இது ஹிந்தி எதிர்ப்புக் கட்டுரை அல்ல. ஆதரவுக் கட்டுரையும் அல்ல. அந்த இரண்டு வியாபாரத்திலும் எனக்குப் பங்கு கிடையாது. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி 52 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தாய்மொழி என்று பதிவாகியிருக்கிற ஒரு பாஷை. அதற்கு ஒரு லிபி உண்டு, அந்த லிபியில் ஒரு இலக்கியம் உண்டு. இருந்தும் அந்தப் பாஷைக்காரர்களில் பெருங்கூட்டம், கையில் போன் வந்ததும் சொந்த லிபியை ஒதுக்கிவிட்டு இங்கிலீஷ் எழுத்தில் அதை எழுதித் தள்ளுகிறது. எழுத்து என்கிற காரியத்தைப் பற்றிக் கொஞ்சமாவது யோசிக்கிற எவனுக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

இதைப் பற்றி அங்கே நடக்கிற சர்ச்சையில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சிக்குக் குரல் கொடுத்தவர் சேத்தன் பகத். ஹிந்தியைக் காப்பாற்ற வேண்டுமானால் ரோமன் லிபியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று 2015 ஜனவரியில் அவர் எழுதினார். வாதம் எளிமையானது. வாட்ஸப்பில் ரோமன் ஹிந்தி, விளம்பரப் பலகையில் ரோமன் ஹிந்தி, சினிமா போஸ்டரில் ரோமன் ஹிந்தி, பம்பாய் சினிமாவின் வசனப் பிரதிகள்கூட ரோமனில்தான். நடப்பதை அங்கீகரித்துவிட்டால் ஹிந்திக்கும் இங்கிலீஷுக்கும் நடுவே ஒரு பாலம் கிடைத்துவிடும் என்பது. இன்னொரு கட்சி, இதைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு, கலாச்சாரம் போயிற்று, தேசம் போயிற்று, வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான் என்று அலறிய கட்சி. தேவநாகரியை ஏதோ பிரம்மாவின் நாலு வாயிலிருந்தும் நேரடியாக இறங்கிய சமாச்சாரம்போலப் பேசுகிறவர்கள் இவர்கள்.

இரண்டு பேரிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. இரண்டு பேருமே லிபியைப் பற்றிப் பேசுகிற பாவனையில் வேறு எதையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் காரணம். ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். பகத்தின் ரோமன் லிபிப் பிரசங்கத்தை ஹிந்தி வாசகர்களுக்குக் கொண்டுபோன தினசரி அதை நாகரியில்தான் அச்சிட்டது. இங்கிலீஷில் எழுதும் அவருடைய நாவல்களின் ஹிந்திப் பதிப்புகளும் நாகரியில்தான் வெளியாகி விற்றிருக்கின்றன. அடுத்தவனுக்கு ரோமனைச் சிபாரிசு செய்கிறவர் தன் சரக்கை விற்கிறபோது நாகரிக் கடையில்தான் வைக்கிறார். ஏன்? வாசகன் அங்கேதான் இருக்கிறான் என்று அவருடைய பதிப்பாளருக்குத் தெரியும். இந்தியாவில் மிக அதிகமாக விற்கும் தினசரிகளின் வரிசையில் முன்னால் நிற்பவை நாகரியில் அச்சாகும் ஹிந்தித் தினசரிகள். அவற்றை வாங்குகிறவன் பாலம் எதையும் கேட்கவில்லை.

2

ரோமன் ஹிந்தி ஏதோ போனோடு பிறந்தது என்று நினைப்பது சரித்திரம் தெரியாத பேச்சு. கல்கத்தாவில் 1800ல் ஏற்பட்ட வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஜான் கில்கிறைஸ்ட் ஹிந்துஸ்தானியை ரோமனில் எழுதுவதற்கு ஒரு முறையே வகுத்தார். 1830களில் சார்லஸ் ட்ரெவெல்யன், கீழை மொழிகள் அத்தனைக்கும் ரோமன் லிபியே போதும் என்று ஒரு இயக்கமாகவே நடத்திப் பார்த்தார். பாதிரிகள் ரோமன் உருதுவில் பைபிள் போட்டார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சிப்பாய்க்குப் பாடம் சொன்னதும் ரோமன் உருதுவில்தான். நாகரி தெரிந்தவன், பாரசீக எழுத்து தெரிந்தவன், எதுவும் தெரியாதவன் என்று மூன்று பேரையும் ஒரே வரிசையில் நிறுத்த அதிகாரிக்கு அது சௌகரியமாக இருந்தது.

சௌகரியம் அதிகாரிக்கு மட்டுமல்ல, விடுதலை கேட்டவர்களுக்கும் பட்டது. 1938ல் ஹரிபுரா காங்கிரஸில் தலைமை உரை ஆற்றிய சுபாஷ் சந்திர போஸ், பொது மொழியாக ஹிந்துஸ்தானியும் அதற்கு ரோமன் லிபியும் வேண்டும் என்றார். அந்நிய லிபி தேசத்துக்கு விரோதம் என்று ஒரு காலத்தில் தானும் நினைத்ததாகவும் 1934ல் துருக்கிக்குப் போய்வந்த பிறகே மனம் மாறியதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கு மூன்று வருஷம் முன்பே, 1935ல், சுனீதி குமார் சட்டர்ஜி இந்திய பாஷைகளுக்கு ஒரு ரோமன் நெடுங்கணக்கு என்று புத்தகமே எழுதினார். பாஷை சாஸ்திரத்தில் அவருக்கு இணையான ஆட்கள் அன்று குறைவு. இதே சட்டர்ஜிதான் பிறகு ஆட்சிமொழிக் கமிஷனில் இருந்துகொண்டு 1956 அறிக்கையில் ஹிந்தி அவசரத்துக்கு எதிராகத் தனிக் குறிப்பு எழுதியவர். கூட எழுதியவர் நம்மூர் ப. சுப்பராயன்.

இவர்களோடு ஒருவன் உடன்படலாம், மறுக்கலாம். ஆனால் இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று இருந்தது. லிபியை மாற்றுவது ஒரு பொறுப்பு என்று இவர்களுக்குத் தெரியும். எந்த ஒலிக்கு எந்த எழுத்து, குறிலுக்கும் நெடிலுக்கும் என்ன அடையாளம், நாக்கு பல்லைத் தொடும் தகரத்துக்கும் மேலண்ணத்தைத் தொடும் டகரத்துக்கும் எப்படி வித்தியாசம் காட்டுவது என்று உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டவர்கள். துருக்கியில் 1928ல் லிபியை மாற்றியபோது ஒரு ராஜாங்கமே எழுத்துப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிற்று. பத்திரிகை, பாடப் புத்தகம், சட்டம் எல்லாம் புதிய லிபியில் அச்சாயின. அதில் இருந்த பலாத்காரம் வேறு விஷயம். அது ஒரு காரியம். இன்று ரோமன் ஹிந்தி என்று சொல்லப்படுவதில் அப்படி எந்தக் காரியமும் நடக்கவில்லை. அகராதி கிடையாது, எழுத்துக்கூட்டு கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. 'இருக்கிறது' என்பதற்கான 'ஹை' என்ற சொல்லை ஒருவன் மூன்றெழுத்தில் எழுதுகிறான், இன்னொருவன் இரண்டெழுத்தில் எழுதுகிறான், மூன்றாமவன் வெறும் 'ஹெச்' ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான். மூன்றும் சரி, ஏனென்றால் தப்பு என்று சொல்ல ஒரு இடமே இல்லை.

இங்கிலீஷின் எழுத்துக்கூட்டு மட்டும் யோக்கியமா என்று கேட்பார்கள். இல்லைதான். அதைப் படித்துப் பட்டம் வாங்கியவன் என்ற முறையில் அந்த அவஸ்தை எனக்கும் தெரியும். ஆனால் அது எல்லோரும் ஒப்புக்கொண்ட அபத்தம். ஜான்சன் 1755ல் அகராதி போட்டார்; அதற்கு முன்னும் பின்னும் அச்சகங்கள் அதை இறுக்கின. லண்டனில் எழுதியதை லாகூரில் ஒருவன் தடுமாறாமல் படிக்கலாம். ரோமன் ஹிந்தியில் லக்னோவில் எழுதியதை லக்னோக்காரனே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

3

இந்த நிலைமைக்கு ஜனங்களின் சோம்பேறித்தனமும் இங்கிலீஷ் மோகமும்தான் காரணம் என்று நாகரிக் கட்சியினர் தீர்ப்புச் சொல்கிறார்கள். இது பொய். முழுப் பொய் இல்லை, முக்கால் பொய். யந்திரத்தின் கதையைச் சொல்லாமல் இந்தத் தீர்ப்பை வழங்க முடியாது.

போனில் குறுஞ்செய்தி வந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தியில் ரோமன் எழுத்தானால் 160 இடம். நாகரி எழுத்து ஒன்றே ஒன்று உள்ளே நுழைந்தாலும் அந்தச் செய்தி முழுவதும் வேறு கணக்குக்கு மாறி, இடம் 70 ஆகச் சுருங்கிவிடும். நாகரியில் உயிர்க்குறிகூடத் தனியாக ஓர் இடம் பிடிக்கும். எழுபதைத் தாண்டினால் இரண்டாவது செய்தி, இரண்டாவது காசு. சொந்த லிபியில் எழுதுகிறவனுக்கு அபராதம் போடுகிற ஏற்பாடு இது. யாரும் சதி செய்து இதைக் கொண்டுவரவில்லை. இங்கிலீஷும் ஐரோப்பிய பாஷைகளும் தெரிந்த என்ஜினியர்கள் தங்களுக்குத் தெரிந்த எழுத்துக்கு முதல் இடம் போட்டார்கள். மற்றவர்களுக்குத் திண்ணையில் இடம் கிடைத்தது. கம்ப்யூட்டரிலும் இதே கதை. யூனிகோடின் முதல் பதிப்பு 1991ல் வந்து அதில் நாகரியும் இருந்தது என்றாலும், அதற்குப் பிறகும் வெகுகாலம் ஹிந்தி அச்சுக்கூடமும் ஆபீசும் கிருதிதேவ் மாதிரியான எழுத்துருக்களில்தான் ஓடின. பழைய ரெமிங்டன் டைப்ரைட்டர் பழகிய விரல் வேண்டும் அதற்கு. ஒரு மெஷினில் அடித்ததை, அதே எழுத்துரு இல்லாத இன்னொரு மெஷினில் திறந்தால் கிறுக்கல். இந்த நிலையில் சாதாரண ஆள் என்ன செய்வான்? கையில் இருக்கிற பித்தானைத் தட்டினான். அந்தப் பித்தானில் ஏ, பி, சி இருந்தது.

இத்தனை காலமும் ராஜ்ய பாஷையின் காவலர்கள் எங்கே போயிருந்தார்கள்? 1949 செப்டம்பர் 14ல் அரசியல் நிர்ணய சபை தீர்மானித்ததைக் கொண்டாட வருஷாவருஷம் ஹிந்தி தினம் நடத்திக்கொண்டிருந்தார்கள். வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் அந்த வைபவத்தின் லட்சணம் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆட்சிமொழி விதிகள் என்று 1976ல் வந்தவை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் கட்டுரைப் போட்டிக்கும் பரிசுக்கும் படிவத்தின் மேல் மூலையில் இரண்டு வரி நாகரிக்கும் இங்கேயும் குறைவில்லை. கடிதத் தலைப்பில், பெயர்ப் பலகையில், ரப்பர் ஸ்டாம்பில் ஹிந்தி இருக்கிறதா என்று எண்ணிக் கணக்கு அனுப்புகிற காரியம் ஒழுங்காக நடந்தது. ஒரு சாதாரண மனிதன் தன் மனைவிக்கு ஒரு வரி எழுதுகிற பித்தானில் ஹிந்தி இருக்கிறதா என்று எண்ணுகிற எண்ணம்தான் வரவில்லை. ரப்பர் ஸ்டாம்பில் வாழ்கிற பாஷை விரல் நுனியில் செத்துப்போனால் அதற்கு விரலைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அரசியல் சட்டத்தின் 343ஆம் ஷரத்து ஒரு வேடிக்கை. ஆட்சிமொழி தேவநாகரி லிபியில் எழுதப்படும் ஹிந்தி என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் எண்களுக்கு மட்டும் சர்வதேச வடிவம் என்கிறது. அன்று சபையில் பாஷையைவிட இந்த எண்களுக்காகத்தான் சண்டை கடுமையாக நடந்தது என்றுகூடச் சொல்லலாம். லிபி என்பது பேரம் பேசி எழுதிக்கொள்கிற விஷயம் என்பதற்கு இவர்களுடைய மூல சாசனமே சாட்சி. புனிதம் என்பதெல்லாம் பின்னால் பூசியது.

யந்திரத்தின் தடை இப்போது ஏறக்குறைய நீங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரோமனில் தட்டினால் நாகரி வருகிறது, வாயால் சொன்னால் நாகரி வருகிறது, நாகரிப் பலகையே எல்லா போனிலும் இருக்கிறது. அபராதம் போய்விட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. இங்கேதான் முக்கால் பொய்யில் மிச்சமிருக்கிற கால் நிஜம் இருக்கிறது. கட்டாயத்துக்குச் செய்தது இப்போது அந்தஸ்தாகிவிட்டது. ரோமனில் எழுதுகிறவன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன் என்பது அந்த எழுத்திலேயே தெரிகிறது. நாகரியில் எழுதுகிறவன் சர்க்கார் பள்ளிக்கூடத்து ஆள், கிராமத்து ஆள், அல்லது வயதான ஆள் என்று ஒரு எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பகத் சொன்ன பாலத்தின் இரண்டு கரையிலும் ஒரே கூட்டம்தான் நிற்கிறது.

4

மூன்றாவது கரையில் நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு கிளையில் நான் வேலை பார்த்தபோது நடந்தது. பீகார்க்காரர், ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும், மில்லில் வேலை. ஊருக்குப் பணம் அனுப்ப மாதம் ஒருமுறை வருவார். படிவத்தில் நாகரியில் கையெழுத்துப் போடுவார். சும்மா கோழி கிறுக்கினதுபோல இல்லை, மேல்கோடு இழுத்து நிறுத்தி எழுதிய கையெழுத்து. பாக்கெட்டில் மடித்த ஹிந்தித் தினசரி ஒன்று சில நாள் இருக்கும். அன்று கவுண்டரில் கூட்டம் இல்லை. போனை என் பக்கம் திருப்பி, இதைப் படித்துச் சொல்லுங்கள் சாப் என்றார். பிள்ளை சூரத்தில் இருக்கிறான், வேலை தேடிப் போயிருக்கிறான், அவன் அனுப்பியது. அவருக்கு ஹிந்தி படிக்கத் தெரியும். அந்தச் செய்தியும் ஹிந்திதான். ஆனால் ஏ, பி, சி தெரியாது.

என் ஹிந்தி, பணம் போடு, பணம் எடு, இங்கே கையெழுத்துப் போடு என்ற அளவோடு நிற்பது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'பாப்பா, கம் மில் கயா. பைசா அக்லே மஹீனே.' அவர் முகம் விழுந்துவிட்டது. கம் என்றால் குறைவு என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குறைவாகக் கிடைத்தது, பணம் அடுத்த மாதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். படிவத்தில் எழுதியிருந்த தொகையை அடித்துவிட்டு வேறு தொகை எழுதினார். பிள்ளை அனுப்பப்போவதில்லை என்றால் வீட்டுக்குத் தான் கூடுதலாக அனுப்ப வேண்டும் அல்லவா? எனக்கு ஏதோ உறுத்தியது. பேசிப் பாருங்கள் என்றேன். அங்கேயே நின்று பேசினார். பிள்ளை எழுதியது 'கம்' இல்லை, 'காம்'. வேலை. வேலை கிடைத்துவிட்டது, முதல் சம்பளம் அடுத்த மாதம். கே, ஏ, எம் என்று மூன்றெழுத்தைத் தட்டிவிட்டு அவன் போய்விட்டான். இருந்த இன்னொரு ஏயை நானா போட முடியும்?

படிக்கத் தெரிந்த எனக்கு அர்த்தம் தெரியவில்லை, அர்த்தம் தெரிந்த அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தப்பான செய்தியைத் தயாரித்தோம். போனை வைப்பதற்கு முன் அவர் பிள்ளையிடம் சொன்னது எனக்கே புரிகிற ஹிந்தியாக இருந்தது: ஹிந்தியில் எழுது. அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஹிந்தியில்தானே எழுதினேன் என்றிருப்பான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

இந்த ஒரு குறிலும் நெடிலும்தானா பிரச்னை என்றால், இல்லை. டி, ஏ, எல் என்று மூன்றெழுத்து எழுதினால் அது 'தல்', கட்சி, 'தால்', பருப்பு, 'டால்', மரக்கிளை, அல்லது போடு. எம், ஏ, ஐ, என் என்று எழுதினால் நான் என்றும் அர்த்தம், உள்ளே என்றும் அர்த்தம். இங்கிலீஷ்காரனுக்கு அது முக்கியம் என்று அர்த்தம். காற்றோடு அழுத்திச் சொல்கிற க, காற்றில்லாத க, மூக்கோசை எல்லாம் எழுதுகிறவன் தயவு. இதைச் சொல்கிற நான் தமிழ் லிபியில் எழுதுகிறேன். அழுத்தமான ககரமும் மெலிந்த ககரமும் நம் லிபியிலும் ஒன்றுதான், ஹிந்தியை அதில் முழுசாக எழுதிவிட முடியாது. ஆனால் குறிலும் நெடிலும், தகரமும் டகரமும் அதில் தனித்தனி. எந்த லிபியிலும் ஓட்டை உண்டு. நாகரியிலும் எழுதி உச்சரிக்காமல் விடுகிற அகரங்கள் ஏராளம். ஓட்டை எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தால் அது லிபி. ஒவ்வொருவனும் தனக்கென்று ஓட்டை போட்டுக்கொண்டால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

சந்தர்ப்பத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாமே என்பார்கள். சினேகிதனுக்கு சினேகிதன் எழுதும்போது புரிந்துகொள்ளலாம். அரை மணி முன்பு பேசியதன் மிச்சம் அது. சந்தர்ப்பம் கையில் இல்லாதவனுக்கு, தூரத்தில் இருப்பவனுக்கு, நாளைக்குப் படிக்கப்போகிறவனுக்கு எழுதுவதற்குத்தான் எழுத்து என்று ஒன்று ஏற்பட்டது.

5

இவ்வளவு சொன்னதால் நான் நாகரிக் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். இன்று ரோமன் வந்து நாகரியை விழுங்குகிறது என்று ஒப்பாரி வைக்கிறவர்கள், நாகரி எதையெல்லாம் விழுங்கி இந்த உடம்பைத் தேற்றியது என்று சொல்வதில்லை.

காசியில் 1893ல் நாகரிப் பிரசாரிணி சபை ஏற்பட்டது. 1900ல் வடமேற்கு மாகாண கவர்னர் மெக்டானல் கோர்ட்டில் நாகரிக்கு இடம் கொடுத்தார். அந்தப் போராட்டத்தில் நியாயம் இருந்தது; பாரசீக எழுத்து தெரியாத குடியானவன் தன் வழக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நின்ற காலம் அது. ஆனால் அதே குடியானவனின் ஊரில் கைதி என்று ஒரு எழுத்து இருந்தது. காயஸ்தர்கள், கணக்கர்கள், வியாபாரிகள் கையில் சரளமாக ஓடிய எழுத்து. பீகார் கோர்ட்டுகளில் அது ஏறியிருந்தது. கிரியர்ஸன் 1881ல் அதற்குக் கைப்புத்தகமே போட்டார். அதில் மேல்கோடு கிடையாது, சம்ஸ்கிருத வாசனை கிடையாது, ஆகவே மரியாதையும் கிடையாது. நாகரி அதைத் துடைத்துவிட்டது. இன்று பீகாரில் பழைய நிலப் பத்திரங்கள் கைதியில் கிடக்கின்றன. பேரன் பாட்டன் சொத்தைப் படிக்க ஆள் தேடிக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு லிபி சாவதென்றால் நடைமுறையில் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் நாகரிக்காரர்கள் துருக்கிக்குப் போக வேண்டாம், பாட்னாவுக்குப் போனால் போதும்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று அஸ்ஸாமில் பாக்கி இருக்கிறது. போடோ மக்கள் தங்கள் பாஷைக்கு ரோமன் லிபி வேண்டும் என்று கேட்டார்கள். 1974-75ல் அதற்காகப் பெரிய கிளர்ச்சி. போலீஸ் சுட்டதில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். கடைசியில் ரோமன் கிடைக்கவில்லை. தில்லியின் யோசனைப்படி தேவநாகரி கிடைத்தது. தன் பாஷையை ரோமனில் எழுத விரும்பிய ஒரு ஜனத்தின் மேல் 1975ல் நாகரியை வைத்த நாட்டில், இன்று ஹிந்திக்காரன் பிள்ளை யாரையும் கேட்காமல் ஹிந்தியையே ரோமனில் எழுதிக்கொண்டிருக்கிறான். அவனை யாரும் சுடப்போவதில்லை, சுடவும் கூடாது. ஆனால் அந்தப் பத்துப் பேருக்கு மேற்பட்டவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்று ஒரு ஹிந்திப் பேராசிரியராவது ஹிந்தி தின மேடையில் கேட்டால் நான் தொப்பியைக் கழற்றுவேன்.

கொங்கணியும் அப்படியே. கோவாவில் நாலு நூற்றாண்டாக ரோமனில் எழுதப்படுகிற கொங்கணி உண்டு. தாமஸ் ஸ்டீபன்ஸின் கொங்கணி ஞானோபதேசப் புத்தகம் 1622ல் அச்சானது. அதற்குப் பத்திரிகை உண்டு, நாவல் உண்டு, தியாத்ர் என்கிற நாடக மரபு உண்டு. ஆனால் 1987ல் வந்த கோவா ஆட்சிமொழிச் சட்டம், கொங்கணி என்றால் தேவநாகரிக் கொங்கணி என்று வரையறுத்துவிட்டது. ரோமனில் எழுதுகிறவர்கள் சொந்த பாஷையில் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். ரோமன் லிபி ஒரு இந்திய பாஷையின் லிபியாக முடியும் என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டாம். ஆக, ரோமன் அந்நியம் என்ற வாதம் நிற்காது.

காவலர்கள் தங்கள் வீட்டையாவது ஒழுங்காக வைத்திருக்கிறார்களா? 2020ல் உத்தரப் பிரதேசப் பள்ளி வாரியப் பரீட்சைகளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் ஹிந்தித் தாளில் தேறவில்லை. 2022ல் மத்தியப் பிரதேசத்தில் வைத்தியப் படிப்புக்கு ஹிந்திப் பாடப் புத்தகங்கள் வந்துவிட்டன என்று மேளம் கொட்டினார்கள். திறந்து பார்த்தால் கலைச்சொற்கள் எல்லாம் இங்கிலீஷ், உடுத்தியிருக்கிற சட்டை மட்டும் நாகரி. போனில் ஹிந்திக்கு ரோமன் சட்டை, புத்தகத்தில் இங்கிலீஷுக்கு நாகரிச் சட்டை. இரண்டிலும் சட்டைதான் விவகாரம். உள்ளே ஒரு பாஷை யோசிக்கிறதா இல்லையா என்ற கேள்வியை இரண்டு கட்சியும் தொடவில்லை.

6

என் கேள்வி அதுதான். ஒரு பாஷையில் யோசிப்பதற்கு அதில் திரும்பத் திரும்பப் படிப்பது தேவையாக இருக்கிறது. ரோமன் ஹிந்தியில் எழுதுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். வாசகர்கள் இல்லை. அனுப்பியதை ஒருமுறை பார்க்கிறான், பெருவிரலால் மேலே தள்ளுகிறான், தீர்ந்தது. பிரேம்சந்த் 'சேவாசதன்' நாவலை முதலில் உருதுவில் எழுதினார்; ஆனால் அது 1919ல் ஹிந்தியில்தான் முதலில் வெளிவந்தது, உருதுப் புத்தகம் வர 1924 ஆயிற்று. வாசகனும் பதிப்பாளனும் எந்த லிபியில் இருக்கிறார்களோ அங்கே எழுத்தாளன் போனான். ரோமனில் அப்படி ஒரு வாசகக் கூட்டம் நிஜமாகவே இருந்தால் பிரேம்சந்தையும் நிராலாவையும் முக்திபோத்தையும் ரோமனில் அச்சிட்டுக் காசு பார்க்காமல் பதிப்பாளன் சும்மா இருப்பானா? ரோமன் மட்டும் தெரிந்து வளர்கிற பிள்ளைக்கு முக்திபோத் இல்லை. சினிமாப் பாட்டு உண்டு, விளம்பர வாசகம் உண்டு, அரட்டை உண்டு. அவன் ஹிந்திக்கு நேற்று என்று ஒன்று கிடையாது.

முடியாத காரியமா என்றால், இல்லை. உருதுக் கவிதைக்காக 2013ல் தொடங்கிய ரேக்தா என்ற ஸ்தாபனம் ஒரே கவிதையை உருது, நாகரி, ரோமன் மூன்றிலும் கொடுக்கிறது. ரோமனில் கொடுக்கும்போது நெடிலுக்குக் குறி போட்டுக் கவனத்தோடு கொடுக்கிறது. காலிபை அந்த வழியாக வந்து சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் பிறகு மூல லிபியையும் கற்றுக்கொள்கிறார்கள். பாலம் என்றால் இதுதான் பாலம். கட்டுவதற்கு ஆள் உழைத்திருக்கிறார்கள்.

ரோமன் கட்சிக்கு நான் சொல்வது இதுதான். நிஜமாகவே நம்பிக்கை இருந்தால் சட்டர்ஜி செய்ததைச் செய்யுங்கள். எழுத்துக்கூட்டை வகுத்துக்கொள்ளுங்கள், அகராதி போடுங்கள், நூறு புத்தகத்தை அச்சிட்டு விற்றுக் காட்டுங்கள், உங்கள் அடுத்த நாவலை ரோமன் ஹிந்தியில் எழுதுங்கள். அந்த உழைப்புக்குத் தயாராக இல்லையென்றால் அதைக் குறுக்கெழுத்து என்று சொல்லுங்கள், சுருக்கெழுத்து என்று சொல்லுங்கள், லிபி என்று சொல்லாதீர்கள். நாகரிக் கட்சிக்கும் ஒன்று: பிள்ளைகளுக்கு நாகரியில் படிக்க ஆசை வருகிறமாதிரி நாலு புத்தகம் போடுங்கள், அந்த 8 லட்சம் பேரின் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரை அனுப்புங்கள். பரிசுக் கோப்பையை மூட்டை கட்டிவிடலாம்.

நம்மிடம் திரும்பி வந்தால், சிரிக்க ஒன்றுமில்லை. அச்சில் வந்த முதல் தமிழ்ப் புத்தகம், 1554ல் லிஸ்பனில் அடித்தது, ரோமன் எழுத்தில்தான் இருந்தது. 1578ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தை வார்த்து 'தம்பிரான் வணக்கம்' அடித்த பிறகுதான் நமக்கு அச்சு என்று ஒன்று நம்முடையதாயிற்று. 2013ல் ஜெயமோகன் தமிழையும் ரோமனில் எழுதிப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னபோது இங்கே எழுந்த கூச்சலை நான் கவனித்தேன். கோபப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை பேர் அன்று இரவு தங்கள் பிள்ளைக்கு, சாப்பிட்டாயா என்று தமிழ் எழுத்தில் அனுப்பியிருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம். என் போனைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். என் வங்கி நண்பர்கள் குழுவில் நேற்று வந்த பதினேழு செய்திகளில் தமிழ் எழுத்தில் இருந்தவை இரண்டு. அதில் ஒன்று யாரோ செத்த செய்தி. மற்றது ஒரு கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை.